பாசறைக்கு வந்த முன்ஷி

புணேயிலிருந்து லோணாவளாவுக்குப் போகும் லோக்கல் ரயிலில் ஏறி, சிஞ்ச்வட், ஆகுர்டி எல்லாம் கடந்து, தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கடைத்தெருவுக்குள் நடக்கிற தமிழர் எவரும், தாம் மராட்டிய தேசத்தின் நடுவில் நிற்பதைச் சிறிது நேரம் மறந்துவிடக்கூடும். ஏனென்றால், காய்கறிக்குப் பேரம் பேசும் குரலும், வாசலில் பிள்ளையை அதட்டும் குரலும் பல சமயம் தமிழாகவே இருக்கும். ராணுவக் கிடங்கில் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய காலத்திலும் அதற்குப் பின்பும் தமிழ் ஜில்லாக்களிலிருந்து புறப்பட்டு வந்த குடும்பங்கள், இங்கேயே தங்கி, தலைமுறைகள் கண்டு, கன்டோன்மெண்டின் ஓர் அங்கமாகிவிட்டன. சற்றுத் தொலைவில் மராட்டிய பக்திக் கவி துகாராம் பிறந்த தேஹு கிராமமும் இந்திராயணி நதியும். ஊருக்குள்ளேயே, 1954 டிசம்பர் 25-ஆம் தேதி அம்பேத்கர் புத்தர் சிலையை ஸ்தாபித்த விஹாரம். இவற்றையெல்லாம் சூழ்ந்துகொண்டு ராணுவத்தின் முள்வேலி.

வெடிமருந்துக் கிடங்குக்கு வேலைக்குப் போகிறவரிடம் வாசலிலேயே கேட்டு வாங்கப்படும் பொருள் தீப்பெட்டி. பீடியையும் தீப்பெட்டியையும் காவலரிடம் ஒப்படைத்துவிட்டு, அடையாளச் சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போகிற அந்த மனிதர் சிப்பாய் அல்லர். அவருக்குப் பதக்கமும் கிடையாது, பாண்டு வாத்தியமும் கிடையாது. ஆயினும் அவர் தூக்கி அடுக்கிய பெட்டி உரிய காலத்தில் போய்ச் சேராவிட்டால் எல்லையில் பீரங்கி வாய் திறக்காது. ராணுவம் என்பது தனக்கு வேண்டியதையெல்லாம் தானே செய்துகொள்ளும் ஒரு மூடிய வீடு என்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் எண்ணுகிறார்கள். தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த மயக்கம் வர வழியில்லை.

அப்படியிருக்க, அண்மைக் காலத்தில் உலக ராணுவங்கள் வெளியாரிடமிருந்து வாங்கத் தொடங்கியிருக்கும் ஒரு சரக்கு மட்டும் பலருக்கு வியப்பையும் சிலருக்குக் கலக்கத்தையும் தருகிறது. அது அரிசியும் அன்று, பூட்ஸும் அன்று, பாடம். கணினி வலைப்பின்னல்களின் வழியே தாக்கவும் தற்காக்கவும் சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுக்கும் உபாத்தியாயர்களை ஒப்பந்தம் பேசி அமர்த்திக்கொள்கிறார்கள். நம் நாட்டில் ஒருவர் பரீட்சையில் சைபர் வாங்கினார் என்றால் ஒன்றும் வாங்கவில்லை என்று அர்த்தம். சூனியத்தைக் குறிக்க நாம் வழங்கிய அந்தச் சொல்லின் ஓசையே, அதனோடு யாதொரு உறவும் இல்லாத ஒரு கிரேக்க வேரிலிருந்து புறப்பட்டு, இன்று யுத்தத்தின் பெயராக வந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும் சண்டைக்குச் சூனியத்தின் பெயர் வாய்த்ததும் பொருத்தமாகவே தோன்றுகிறது.

வெளியாரை வைத்துப் படைக்குப் பாடம் சொல்வது இன்று நேற்று வந்த ஏற்பாடன்று. கம்பெனி ஆட்சிக் காலத்தில் சீமையிலிருந்து கப்பலில் வந்திறங்கிய இளம் அதிகாரி, தன் கீழ் உள்ள சிப்பாய்க்கு ஒரு கட்டளை இடவேண்டுமானால்கூட அவன் பாஷை தெரிந்தாக வேண்டும். பாஷைப் பரீட்சையில் தேறினால்தான் உத்தியோகத்தில் மேலே போகமுடியும். ஆகவே அவர் முன்ஷி ஒருவரை மாதச் சம்பளம் பேசி வைத்துக்கொண்டார். 1800-இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியும், 1812-இல் சென்னையில் எல்லிஸ் துரையின் முயற்சியால் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியும் தோன்றி, சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு நம் பண்டிதர்களையும் முன்ஷிகளையும் கொண்டு பாஷை கற்பித்தன. படையின் முன்ஷி துப்பாக்கி ஏந்தவில்லை, யுத்தத் திட்டம் வகுக்கவில்லை. ஆனால் அவர் சொல்லிக்கொடுத்த வினைமுற்று ஒன்று பிசகினால் கட்டளையே பிசகிவிடும். இன்று மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு ராணுவப் பாசறைக்குள் நுழைகிற சைபர் நிபுணரை நான் அந்த முன்ஷியின் வாரிசாகவே பார்க்கிறேன்.

இவ்வளவு பெரிய ராணுவத்திலே இந்த வித்தை தெரிந்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள், மத்தியப் பிரதேசத்தில் மஹூவில் உள்ள ராணுவத் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரி இந்த வித்தைக்குப் பெயர் பெற்றது. ஆனால் ராணுவ உத்தியோகத்தின் அடிப்படை விதி மாறுதல். இரண்டு மூன்று ஆண்டுகள் ஓரிடத்தில் கணினி வலையைக் காத்து, அதன் சூட்சுமம் கைவந்த தருணத்தில், அந்த அதிகாரிக்குப் பனிமலைக்கோ பாலைவனத்துக்கோ உத்தரவு வந்துவிடுகிறது. திரும்பி வரும்போது அவர் கற்றதில் பாதி காலாவதியாகியிருக்கும். பீரங்கி நுட்பம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை மாறலாம். மென்பொருளில் உள்ள ஓட்டையோ இன்று காலையில் தெரிந்து, மாலையில் அடைக்கப்பட்டு, மறுநாள் வேறோரிடத்தில் திறந்துகொள்கிறது. அதனோடு அன்றாடம் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் பெரும்பாலும் பாங்குகளிலும் மென்பொருள் நிறுவனங்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கும் சம்பளத்தைச் சர்க்கார் சம்பளப் பட்டியலில் எந்த வரிசையில் எழுதுவது என்பதும் ஒரு சங்கடம்.

இதற்குத் தேஹு ரோட்டுக்கு அருகிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1906-இல் புணேயில் தோன்றிய காஸ்மாஸ் கூட்டுறவு பாங்கில், 2018 ஆகஸ்டு 11, 13 ஆகிய இரண்டே நாட்களில் ஏறத்தாழ 94 கோடி ரூபாய் களவு போயிற்று. பூட்டை உடைக்கவில்லை, காவலாளியைக் கட்டிப்போடவில்லை. ஏ.டி.எம். அட்டையைச் சரிபார்க்கும் கணினிக்கு முன்னால் திருடர்கள் தங்களுடைய போலிக் கணினி ஒன்றை நிறுத்தி, வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதுவே ‘சரி, கொடு’ என்று பதில் சொல்லும்படி செய்துவிட்டார்கள்; 28 நாடுகளில் கூலிக்கு அமர்ந்த ஆட்கள் போலி அட்டைகளைச் செருகிப் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, பாங்கின் கணக்குப் பேரேட்டுக்குச் செய்தியே எட்டவில்லை. களவு போனதில் 13 கோடி ரூபாய்க்கு அதிகமான தொகை ஹாங்காங்குக்குப் போய்ச் சேர்ந்தது. இத்தகைய காயத்தைத் தொட்டுப் பார்த்துக் கட்டுப்போட்ட அனுபவம் உள்ளவர் எவரோ, அவரைக் கொண்டு சிப்பாய்க்குப் பாடம் சொல்லவைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டிலும் ஒன்று நடந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலைப்பின்னலில் இருந்த ஒரு கணினியில் தீங்கு நிரல் புகுந்திருந்ததை, இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30-ஆம் தேதி ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் உள்வலை அதனோடு தொடர்பற்றது என்றும், அது பாதிக்கப்படவில்லை என்றும் கூறியது. முந்தின நாள் நிலையத்தின் சார்பில் வெளிவந்த அறிக்கை வேறு விதமாகப் பேசியிருந்தது என்பதை நினைவுள்ளவர்கள் அறிவார்கள். விஷயம் என்னவென்றால், செப்டம்பர் முதல் வாரத்திலேயே இந்த ஊடுருவல் கவனிக்கப்பட்டு எச்சரிக்கை போயிருந்தது. தாமும் அதில் பங்கு கொண்டதாகப் பின்னர் வெளிப்படையாகச் சொன்னவர் சர்க்கார் உத்தியோகத்தில் இல்லாத ஒரு நிபுணர். வீட்டுக்குள் புகுந்த பாம்பைச் சில சமயம் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் பார்க்கிறார்.

இனி, அந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். துப்பாக்கி சுடப் பழகுவதற்கு மண்மேடு எழுப்பிய திடல் இருப்பதுபோல, இதற்கும் ஒரு திடல் உண்டு. ‘சைபர் ரேஞ்ச்’ என்றே அதற்குப் பெயர். ஒரு மின்நிலையத்தையோ ராணுவத் தலைமையகத்தையோ எடுத்துக்கொண்டு, அதில் உள்ள கணினிகள், அஞ்சல் வசதி, கடவுச்சொல் பதிவேடு, கோப்பறை எல்லாவற்றையும் நகலெடுத்து, வெளியுலகத்தோடு ஒட்டுறவில்லாத தனியறையில், சில பெரிய கணினிகளுக்குள் பொம்மை நகரம் போல அமைத்துவிடுகிறார்கள். அந்த நகரத்துக்குக் குடிமக்களும் உண்டு. காலையில் வந்து அஞ்சல் படிப்பது, கணக்குப் பார்ப்பது, நடுநடுவே செய்தி மேய்வது என்று நிஜ குமாஸ்தாக்கள் செய்வதையெல்லாம் ஒரு நிரல் செய்துகொண்டேயிருக்கும். அந்தச் சந்தடி இல்லாவிட்டால் திருடனைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். வெறிச்சோடிய தெருவில் நடக்கிறவன் எவனும் கண்ணில் பட்டுவிடுவான் அல்லவா? அதனால்தான் நல்ல உபாத்தியாயர் கூட்டத்தை முதலில் படைத்துவிட்டு, பிறகு திருடனைப் படைக்கிறார்.

தாக்குகிறவர்கள் சிவப்பு அணி. காக்கிறவர்கள் நீல அணி. கதையை நடத்தி மதிப்பெண் போடுகிறவர்கள் வெள்ளை அணி. பெரும்பாலும் சிவப்பு அணிக்கும் வெள்ளை அணிக்கும்தான் வெளியார் வருகிறார்கள். ஒரே பள்ளியில் படித்து ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள் ஒருவரையொருவர் தாக்கினால், எதிராளி அடுத்து என்ன செய்வான் என்பது பாதி தெரிந்துபோகும்; விளையாட்டு ஒத்திகையாகிவிடும். வெளியிலிருந்து வருகிறவனுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. அவன் நடுநிசியில் தாக்குவான். தளபதியின் பெயரில் போலி அஞ்சல் அனுப்புவான். நீல அணி மும்முரமாகக் கதவடைத்துக்கொண்டிருக்கும்போது, முன்னமே உள்ளே வைத்துவிட்டுப் போன ஜன்னல் வழியாகத் திரும்பி வருவான். வெள்ளை அணியோ அதற்கிடையே, “மந்திரி பத்து நிமிஷத்தில் விவரம் கேட்கிறார்”, “பத்திரிகைக்காரர் வாசலில் நிற்கிறார்” என்று புதிய தொல்லைகளைக் கதைக்குள் போட்டுக்கொண்டேயிருக்கும். தாக்குதலைக் கண்டுபிடிப்பதைக் காட்டிலும், அதை இரண்டு வாக்கியத்தில் மேலதிகாரிக்குப் புரியும்படி சொல்வதுதான் பெரும்பாலோருக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடைசிப் பாடம் மீட்சி. அழிக்கப்பட்டதைப் பிரதிகளிலிருந்து திரும்ப எழுப்ப வேண்டும். அந்தப் பிரதி வேறிடத்தில், தாக்கியவன் கை எட்டாத இடத்தில் இருந்தாக வேண்டும். துகாராமின் அபங்கப் பாட்டுச் சுவடிகளை எதிரிகள் இந்திராயணியில் மூழ்கடிக்கச் செய்தார்கள் என்றும், பதின்மூன்று நாள் அவர் உண்ணாது கிடந்தபின் நதி அவற்றை நனையாமல் திருப்பிக் கொடுத்தது என்றும் தேஹுவில் சொல்வார்கள். நாஸ்திகர் ஒருவர் இதற்குச் சொல்லும் வியாக்கியானம், ஏடு போனாலும் பாட்டு ஆயிரம் பேர் நாவில் இருந்தது என்பது. எந்த வியாக்கியானத்தை ஏற்றாலும், ரேஞ்சில் பாடம் கேட்கும் சிப்பாய்க்கு அது பயன்படும்.

இந்தியாவில் முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு சைபர் முகமைக்கு 2018-இல் ஒப்புதல் கிடைத்து, மறு ஆண்டு ரியர் அட்மிரல் மோகித் குப்தா அதன் முதல் தலைவரானார். 2022 ஏப்ரல் 18 முதல் 29 வரை தேசிய பாதுகாப்புக் கவுன்சில் செயலகம் சர்க்கார் அதிகாரிகளுக்கும் முக்கியத் துறை நிறுவனங்களுக்கும் தேசிய சைபர் பயிற்சி ஒன்றை நடத்தியது. 140-க்கு மேற்பட்ட அதிகாரிகள் அதில் பயின்றார்கள். அந்தப் பயிற்சிக்குத் திடல் அமைத்துத் தந்தது சைபர் எக்ஸர் டெக்னாலஜீஸ் என்னும் எஸ்டோனிய நிறுவனம். ராணுவப் பயிற்சி என்று அதைச் சொல்லமுடியாதாயினும், தேசத்தின் பாதுகாப்புப் பாடத்துக்கு வெளியாரை அழைத்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பால்டிக் கடலோரத்தில், நம் ஜில்லா ஒன்றின் ஜனத்தொகைகூட இல்லாத அந்த நாட்டிடம் நாம் ஏன் போனோம்? 2007-இல், தலைநகர் டாலினில் இருந்த சோவியத் காலத்துப் போர்வீரன் சிலை ஒன்றை இடம் மாற்றியதை ஒட்டி, எஸ்டோனியாவின் பார்லிமெண்டு, பாங்குகள், பத்திரிகைகள் ஆகியவற்றின் இணைய வாசல்களை வாரக்கணக்கில் போலி விண்ணப்பங்கள் வந்து அடைத்துவிட்டன. அடிபட்ட அந்த நாடு சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே நேட்டோவின் சைபர் பாதுகாப்பு மையம் டாலினில் அமைந்தது. 2010 முதல் அந்த மையம் ஆண்டுதோறும் நடத்தும் பயிற்சி உலகப் பிரசித்தம். பட்ட அடியையே பாடமாக்கி விற்கக் கற்றுக்கொண்டது எஸ்டோனியா.

இதே ஆண்டுகளில் உள்நாட்டுத் துணைகளும் வந்திருக்கின்றன. ராணுவத்தின் பயிற்சிக் கட்டளையகம் காந்திநகரிலுள்ள ராஷ்ட்ரிய ரக்ஷா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ‘சைன்ய ரணக்ஷேத்ரம்’ என்ற போட்டியை 2021 முதல் நடத்திச் சிவிலியன் வாலிபர்களின் கைவரிசையைச் சோதித்துப் பார்த்தது; 2024 மே மாதம் பாதுகாப்பு சைபர் முகமை ‘சைபர் சுரக்ஷா’ பயிற்சியை நடத்தியது; 2025 ஆகஸ்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் ‘அக்னிசோத்’ என்ற ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தைத் தலைமைத் தளபதி உபேந்திர துவிவேதி திறந்துவைத்தார். சிப்பாய்களுக்குச் சைபர் பாதுகாப்பு முதலிய வித்தைகளில் தேர்ச்சி தருவதும் அதன் காரியங்களில் ஒன்று.

இனிச் சிக்கலான இடத்துக்கு வருவோம். பீஷ்மர் துரோணரை அமர்த்தியது ஓர் ஒப்பந்தமே. வறுமையில் வாடிய வித்வான் ஒருவருக்கு வீடும் வாசலும் பொருளும் கொடுத்து, ராஜகுமாரர்களுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுக்கச் செய்தார். இந்த ஒப்பந்தத்தில் பீஷ்மர் எழுத மறந்தவை இரண்டு. துரோணரிடம் வேறு எவர் பயிலலாம், எவர் பயிலலாகாது என்பது ஒன்று; தம்மைக் கொல்லவென்றே பிறந்த திருஷ்டத்யும்னனுக்கும் அவரே வித்தை சொல்லிக்கொடுத்தார். பாடம் முடிந்தபின் ஆசிரியர் களத்தில் இறங்கலாமா என்பது மற்றொன்று. கடைசியில் அவரே சேனாதிபதியாக நின்று தம் சிஷ்யர்கள்மேல் அம்பு தொடுத்தார். இன்றைய ஒப்பந்தப் பத்திரங்களின் நுணுக்கமான ஷரத்துகள் யாவும் இந்த இரண்டு ஓட்டைகளை அடைக்கும் முயற்சிகளே என்றால் மிகையாகாது.

முதல் ஓட்டை ரகசியம் பற்றியது. தீப்பெட்டியை வாசலில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். கைப்பேசியையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் நம் சிப்பாய்களோடு மோதிப் பார்த்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், எந்த அபாயத்தை எத்தனை நேரம் கழித்துக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட மூளையை எந்த வாசலில் வாங்கி வைப்பது? 2013-இல் அமெரிக்காவின் அந்தரங்கங்களை உலகுக்கு அம்பலமாக்கிய எட்வர்டு ஸ்னோடன் அப்போது சர்க்கார் சிப்பந்தி அல்லர். பூஸ் ஆலன் ஹாமில்டன் என்ற ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். அங்கே அவர் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் செய்தது நியாயமா என்ற வாதம் வேறு. வெளியார் கையில் எவ்வளவு சாவிகள் போய்ச் சேர்ந்திருந்தன என்பதுதான் இங்கே விஷயம். நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டம் ஒப்பந்தக்காரரையும் கட்டும். சர்க்கார் கணினிகளைத் தணிக்கை செய்யக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் சட்டம் குற்றம் நடந்தபின் வரும் காவல். அதற்கு முன்னால் செய்யக்கூடியது, நிஜ வலைப்பின்னலின் படத்தைக் காட்டாமல் அதன் சாயல் கொண்ட பொம்மையை மட்டும் காட்டுவது, மதிப்பெண் ஏடு பாசறைக்குள்ளேயே தங்குவது, வகுப்புக்கு எழுதிய கதைகளும் நிரல்களும் ராணுவத்தின் சொத்து என்று முதலிலேயே எழுதிக்கொள்வது, எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் ஆண்டு வெளியார் நடத்திய வகுப்பை மூன்றாம் ஆண்டு நம் ஹவில்தார் ஒருவர் தாமே நடத்தும்படி செய்வது. இந்தக் கடைசி ஷரத்து இல்லாத ஒப்பந்தம், வித்தையை வாங்காமல் வாடகைக்கு எடுப்பதாகவே முடியும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் சூட்சுமமானது. யுத்த தர்மத்தில் சிப்பாய் வேறு, பிரஜை வேறு; பிரஜையைத் தாக்கலாகாது, அவன் நேரடியாகச் சண்டையில் பங்கு கொண்டாலொழிய. பாடம் சொல்வது சண்டையா? சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு 2009-இல் வெளியிட்ட விளக்கத்தின் சாரம், பொதுவாகப் பயிற்சி அளிப்பது நேரடிப் பங்கு ஆகாது, ஆனால் குறிப்பிட்ட ஒரு தாக்குதலை முன்கூட்டியே தீர்மானித்து, அதற்கென்றே ஆட்களைத் தயாரித்தால் அது பங்காகிவிடலாம் என்பது. துப்பாக்கி வாத்தியாருக்கு இந்த எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும், திடல் ஓரிடம், போர்க்களம் வேறிடம் ஆதலால். சைபர் வாத்தியார் உட்கார்ந்திருக்கும் நாற்காலியோ இரண்டுக்கும் பொது. மாணவனின் தோளுக்குப் பின்னால் நின்று “இதை இப்படித் தட்டு” என்று அவர் சொல்லும் கணத்தில், எதிரே உள்ள திரையில் பொம்மை நகரம் இருக்கிறதா, நிஜ நகரம் இருக்கிறதா என்பதொன்றே அவரை முன்ஷியாகவோ துரோணராகவோ ஆக்குகிறது. ஆகவே வெளியாரின் கணினி ரேஞ்சுக்கு அப்பால் எதையும் தொடாதபடி கம்பியையே வேறாக்கிவிடவேண்டும், வாக்குறுதி போதாது.

இந்த இரண்டு சங்கடங்களுக்கும் பழைய பெட்டிக்குள்ளேயே பாதி பரிகாரம் கிடந்தது என்பது வேடிக்கை. 1949 அக்டோபர் 9-ஆம் தேதி, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி பிராந்திய சேனையைத் தொடங்கிவைத்தார். சொந்தத் தொழில் உடைய பிரஜைகள், அதை விடாமலே, ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் சீருடை அணிந்து பயில்வது அதன் ஏற்பாடு. சமீப ஆண்டுகளில் சீனமொழி வல்லுநர்களையும் சைபர் நிபுணர்களையும் இந்தச் சேனையின் வழியாகச் சேர்த்துக்கொள்ள ராணுவம் முனைந்திருக்கிறது. அப்படிச் சேர்ந்த நிபுணர் சீருடை போட்ட மாத்திரத்தில் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவர். யுத்த தர்மத்தின் கண்ணில் சிப்பாய். அதே சமயம் மீதிப் பத்து மாதமும் புதிய திருட்டுகளை அன்றாடம் பார்த்துக்கொண்டிருப்பவர்.

தேஹு ரோட்டிலிருந்து ஹிஞ்சவடியின் கணினிப் பூங்கா அதிக தூரமில்லை. கிடங்கில் பெட்டி அடுக்கியவரின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி அங்கே பாங்குகளுக்குக் காவல் நிரல் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்; அப்படி எழுதக்கூடியவர்கள் அந்த ஊரில் இல்லாமலா போவார்கள்? ஒப்பந்தக்காரியாக அவள் பாசறை வாசலுக்கு வந்தால், காவலர் சீட்டை இருமுறை புரட்டிப் பார்த்து, கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு, துணைக்கு ஓர் ஆளையும் அனுப்புவார். பிராந்திய சேனையின் அதிகாரியாக வந்தாலும் கைப்பேசியை வாங்கத்தான் வாங்குவார். ஆனால் அதற்கு முன்னால் குதிகாலைச் சேர்த்து ஒரு சல்யூட் வைத்துவிடுவார்.